கறை வேற, சொத்தை வேற: நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைங்ககிட்ட பல்லைப் பத்தி எப்படிப் பேசறது?

நல்லம்பள்ளி டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில ஒண்ணு, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சின்னப் பிள்ளைங்க பல்லைப் பத்திப் பள்ளிக்கூடம் வழியா வீட்டுக்குச் சேதி கொண்டுபோறது எப்படின்னு இங்க பேசணும். காரணம் சொல்லிடறேன்.

எங்க பள்ளியில சமீபத்துல ஒரு பல் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்துச்சு. வெளியூர்ல இருந்து வந்தவங்க, நல்ல எண்ணத்தோடதான் வந்தாங்க. ரெண்டு பெரிய படம் காட்டினாங்க. ஒண்ணுல பளிச்சுன்னு வெள்ளைப் பல்லு. இன்னொண்ணுல பழுப்புக் கறை. "இதுல தினமும் பல்லு விளக்குற பிள்ளை யாரு, சோம்பேறிப் பிள்ளை யாரு?"ன்னு கேட்டாங்க. பிள்ளைங்க ஒரே குரல்ல பதில் சொல்லிச்சுங்க. ரெண்டாவது வரிசையில இருந்த மூணாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி கையால வாயைப் பொத்திக்கிட்டா. அவளோட மேல் முன்பல்லு பழுப்பு. காலையிலும் ராத்திரியும் விடாம விளக்குற பிள்ளை அவ. கறை போகட்டும்னு பாட்டி செங்கப்பொடி போட்டுத் தேய்ச்சு ஈறு புண்ணான கதையும் எனக்குத் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில அந்தக் கறைக்கு முக்கியமான காரணம் நிலத்தடித் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு. அது விளக்காததால வர்றதில்லை, விளக்கினா போறதும் இல்லை. மத்த ஊருக்காக எழுதின "நல்லா விளக்கினா முத்துப்போல வெண்மை"ங்கிற வாசகத்தை இங்க கொண்டாந்து ஒட்டினா, பாதிப் பிள்ளைங்களுக்கு அது பொய். எதிர்ல நிக்கிற பெரியவங்க பொய் சொல்றாங்கன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்புறம் சொத்தையைப் பத்தி நாம சொல்ற உண்மையையும் அது காதுல வாங்காது.

கறையையும் சொத்தையையும் பிரிச்சுப் பேசணும்ங்கிறது என் கட்சி. ரெண்டுக்கும் காரணம் வேற, கேட்க வேண்டிய ஆளும் வேற. இதை எப்படிச் செய்யலாம்னு சொல்லுங்க.

---

ஓசூர் பல் மருத்துவர்

டீச்சர், நீங்க சொல்றது மருத்துவப்படியும் சரி. பின்னணியைக் கொஞ்சம் விவரமா எழுதறேன், ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

நம்ம பகுதி கடினப் பாறை. அந்தப் பாறையிலேயே ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கு. போரை ஆழமாப் போட்டு எடுக்கிற தண்ணி பாறையோட ரொம்ப காலம் உறவாடி வர்றதால அதுல ஃப்ளோரைடு ஏறுது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டி அளவும் 1.5 தான்.

பல்லோட மேற்பூச்சு, அதாவது எனாமல், ஈறுக்குள்ள உருவாகிறபோதுதான் இந்தக் கறை படியுது. நிலைப்பற்களுக்கு அந்தக் காலம் பிறந்ததுல இருந்து ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும். வெளிய தெரியற முன்பல்லுக்கு முதல் மூணு நாலு வருஷம்தான் முக்கியம். ஆக, ஏழெட்டு வயசுல முளைச்சு வர்ற பல்லுல நீங்க பார்க்கிறது அந்தப் பிள்ளை கைக்குழந்தையா இருந்தப்போ குடிச்ச தண்ணியை.

பால் பல்லுல இது பெரும்பாலும் தெரியாது. அதனாலதான் தாய்மார்கள் "ஆறு வயசு வரைக்கும் வெள்ளையாத்தான் டாக்டர் இருந்துச்சு, ஸ்கூலுக்குப் போனதும் கெட்டுப்போச்சு, இவன் ஒழுங்கா விளக்கறதில்ல"ன்னு சொல்றாங்க. கண்ணால பார்த்ததை வெச்சு அவங்க போடற கணக்கு அது. அதை மறுக்கணும்னா காரணத்தை விளக்கித்தான் ஆகணும், அதட்டி முடியாது.

பார்த்து அடையாளம் காண ஒரு வழி. தண்ணிக் கறை இடது, வலது ரெண்டு பக்கமும் ஜோடியா, ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைத் திட்டாவோ படுக்கைக் கோடாவோ பழுப்பாவோ தெரியும். சொத்தை அப்படி வராது. கடைவாய்ப் பல்லோட பள்ளத்துல, ரெண்டு பல்லுக்கு நடுவுல, ஈறோரத்துல தொடங்கிக் குழியாகும், உணவு மாட்டும், வலிக்கும். கறை உள்ள பல்லுல சொத்தை வராதுன்னும் நினைச்சுடாதீங்க. கறை ரொம்பக் கடுமையாகி மேற்பூச்சு பொத்தல் விழுந்த பல்லு சீக்கிரமே அரிக்கும்.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். தண்ணியைக் காய்ச்சினா ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும். "காய்ச்சிக் குடிங்க"ங்கிற நல்ல அறிவுரை கிருமிக்குச் சரி, இதுக்கு உதவாது.

---

காரிமங்கலம் அப்பா

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல காவிரித் தண்ணி வந்த பிறகும் இதைப் பேசணுமா? 1,900 கோடிக்கு மேல செலவு பண்ணி, ஜப்பான் கடன்ல கட்டி, 2013-ல திறந்தாங்க. இப்ப பிறக்கிற பிள்ளைங்களுக்குக் காவிரித் தண்ணிதானே?

படம் காட்டிப் பயமுறுத்தறதுல என்ன தப்பு? என் பையன் சொத்தைப் பல் படம் பார்த்துட்டுத்தான் ஒரு வாரம் ஒழுங்கா விளக்கினான்.

---

மொரப்பூர்க்காரன்

ஒரு வாரம்னு நீங்களே எழுதிட்டீங்களே சார். அதுக்கப்புறம்?

---

நல்லம்பள்ளி டீச்சர்

காரிமங்கலம் சார், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் கிடைச்ச பெரிய வரம், மறுக்கவே மாட்டேன். அந்தத் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு அதிகமானா வர்ற பாதிப்பு) தணிப்புன்னு இருக்கு. ஆனா தண்ணி ஊருக்கு வந்துட்டா மட்டும் போதாது, குழந்தை வயித்துக்குள்ள போகணும். எங்க பக்கம் வீடு வீடா விசாரிச்சா தெரியுது: குடிக்கிறது காவிரித் தண்ணி, சோறு வடிக்கிறது போர்த்தண்ணி. களி கிண்டறது போர்த்தண்ணி. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சறதும் அதுலதான். வேகற அரிசியும் களியும் தண்ணியை அப்படியே இழுத்துக்குது. குழாய்ல தண்ணி வராத நாள்ல குடிக்கவும் போர்தான். "ஒகேனக்கல் தண்ணி சப்புன்னு இருக்கு, போர்த்தண்ணிதான் ருசி"ன்னு சொல்ற தாத்தாக்களும் இருக்காங்க. இங்கதான் பேச்சு தேவைப்படுது. குழாய் போட்டவங்க வேலை முடிஞ்ச இடத்துல நம்ம வேலை தொடங்குது.

டாக்டர் சொன்னதுல இருந்து எனக்கு ஒண்ணு தெளிவாகுது. கறையைப் பத்தி நாம யார்கிட்ட பேசறோம்? மூணாம் வகுப்புப் பொண்ணுகிட்ட இனிமே தண்ணியை மாத்துன்னு சொல்லி அவ முன்பல்லுக்கு எதுவும் ஆகப்போறதில்லை. ஆனா அவ வீட்டுல ஒரு வயசுத் தம்பி இருக்கான். அவன் பல்லு இப்பத்தான் ஈறுக்குள்ள உருவாகிட்டிருக்கு. அவளுக்குக் கொடுக்க வேண்டிய சேதி, "பாப்பாவுக்குச் சமைக்கறதும் குடிக்கக் கொடுக்கறதும் ஒகேனக்கல் தண்ணியில பண்ணச் சொல்லு, நீதான் பார்த்துக்கணும்". அப்ப அவ குத்தவாளி கிடையாது, காவல்காரி. எங்க வகுப்புல இப்படிச் சொன்னப்போ பிள்ளைங்க நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

---

பாலக்கோடு அங்கன்வாடி அக்கா

டீச்சருக்கு வணக்கம்ங்க. நீங்க சொல்ற அந்த ஒரு வயசுத் தம்பி எங்ககிட்டதான் வர்றான். பள்ளிக்கூடத்துல பேசறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட தொடங்கணும்ங்கிறது என் எண்ணம்.

எங்க பக்கம் நிறைய அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடறாங்க. பிள்ளை பாட்டிகிட்ட இருக்கும். பாட்டி பாசத்துல ராத்திரி புட்டியில சர்க்கரை போட்ட பாலைக் கொடுத்துத் தூங்க வெச்சிடும். பால் வாயில நின்னுக்கிட்டே பிள்ளை தூங்கும். மேல் முன்பல்லு நாலும் ஈறோரத்துல சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்புறம் கறுத்து, மொட்டையாப் போயிடுது. மூணு வயசுக்குள்ள. "விழப்போற பல்லுதானே"ம்பாங்க. கடைவாய்ப் பால் பல்லு பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கும்னு டாக்டர் ஒருத்தர் எங்க கூட்டத்துல சொன்ன பிறகுதான் எனக்கே அதோட அருமை புரிஞ்சுது.

அப்புறம் டீத்தண்ணி. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வரட்டீயில பன்னு நனைச்சு ஊட்டறாங்க. டீத்தூள்லயும் ஃப்ளோரைடு இருக்குதாமே.

நான் பண்றது இதுதாங்க. "புட்டி கொடுக்காதீங்க"ன்னு சொன்னா பாட்டி தலையாட்டிட்டுப் போயி அதையேதான் கொடுக்கும். அதனால கேட்பேன். "ராத்திரி எப்படித் தூங்குது பிள்ளை? புட்டியில என்ன ஊத்தறீங்க?" அவங்களே சொல்லுவாங்க. "சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, கடைசியில வெறும் தண்ணியாக்க முடியுமா, இல்ல தூங்கறதுக்கு முன்னாடியே டம்ளர்ல பாலைக் கொடுத்து வாயைத் துடைச்சு விடறது சுலபமா?"ன்னு ரெண்டு வழி வெப்பேன். அவங்க ஒண்ணை எடுத்துப்பாங்க. அவங்களே எடுத்ததை அவங்களே காப்பாத்தறாங்க.

பேஸ்ட்டு அளவுக்கு உள்ளங்கையில ஒரு அரிசியை வெச்சுக் காட்டுவேன். மூணு வயசுக்குள்ள இதுக்கு மேல வேணாம், அதுக்கப்புறம் ஒரு பட்டாணி. விளம்பரத்துல பிரஷ் முழுக்க நீட்டா வழிய விடறதைப் பார்த்துட்டு எல்லாரும் அப்படியே வைக்கிறாங்க.

---

ஓசூர் பல் மருத்துவர்

அக்கா, நீங்க செய்யறதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. கனடாவுல சர்ரேங்கிற ஊர்ல, குடியேறி வந்த பஞ்சாபி பேசுற தாய்மார்கள்கிட்ட. 6 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் வயசுள்ள 240 குழந்தைங்க. ஒரு பாதித் தாய்மார்களுக்குத் துண்டுப் பிரசுரமும் வீடியோவும் கொடுத்தாங்க. மறுபாதிக்கு அதோட சேர்த்து ஒரு தடவை உட்கார்ந்து பேச்சு, அப்புறம் சில தொலைபேசி அழைப்பு, ரெண்டு தபால் அட்டை. பேசினவங்க அறிவுரை சொல்லலை. அந்தத் தாயே எது தன் வீட்டுக்கு ஒத்துவரும்னு தேர்ந்தெடுக்க விட்டாங்க. அந்தக் குழந்தைங்களுக்குச் சொத்தை குறைவா இருந்துச்சு. துண்டுப் பிரசுரம் மட்டும் வாங்கினவங்களும் அதே தகவலைத்தான் வாங்கியிருந்தாங்க. வித்தியாசம் பேசின விதத்துலதான்.

பல் சுகாதாரக் கல்வி பத்தின ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க பொதுவாச் சொல்றதும் இதையே: வகுப்புல உரை நிகழ்த்தினா பிள்ளைங்களுக்கு அறிவு கூடுது, அது மட்டுமே சொத்தையைக் குறைக்கறது அரிது. உலக அளவுல பால் பல் சொத்தை உள்ள குழந்தைங்க ஏறக்குறைய 51 கோடின்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கை சொல்லுது. பல்லு விளக்கணும்னு கேள்விப்படாத பிள்ளைங்களா இத்தனை பேரும்?

---

பென்னாகரம் தலைமை ஆசிரியர்

மருத்துவர் சொல்றதை அப்படியே ஏத்துக்கறேன். அதனாலதான் நான் பேச்சை விட்டுட்டுப் பழக்கத்துக்கு வந்தேன். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு நம்ம பெரியவங்க பாட்டாப் பாடி வெச்சாங்க, கூடவே காலையில குச்சியை ஒடிச்சுக் கையிலயும் கொடுத்தாங்க. இன்னைக்குப் பாட்டு மட்டும் பாடப் புத்தகத்துல இருக்கு, குச்சியைக் கொடுக்கிற கை வேலைக்குப் போயிடுச்சு.

பிலிப்பைன்ஸ்ல அரசுப் பள்ளிகள்ல கூட்டமா நின்னு சோப்புப் போட்டுக் கை கழுவி, பல்லு விளக்கறதைப் பள்ளி நேரத்துலயே அன்றாட வேலையா வெச்சிருக்காங்க. ஸ்காட்லாந்துல மழலையர் பள்ளிகள்ல தினமும் ஆசிரியர் கண்முன்னாடி விளக்க வைக்கிறாங்க, அங்க குழந்தைங்க சொத்தையும் குறைஞ்சது, சிகிச்சைச் செலவும் குறைஞ்சது. நமக்கும் ஒரு வாய்ப்பு வந்திருக்கு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கி, 2023 ஆகஸ்டுல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தாச்சு. பிள்ளைங்க காலையிலேயே பள்ளியில சாப்பிடறாங்க. சாப்பிட்டதும் ரெண்டு நிமிஷம் விளக்கினா முடிஞ்சுது.

எங்க பள்ளியில நடைமுறையில வந்த சிக்கல்களைச் சொல்றேன், தொடங்கறவங்களுக்கு உதவும். எல்லா வகுப்பையும் ஒண்ணாக் குழாய்க்கு அனுப்பினா தள்ளுமுள்ளு, பாட நேரம் போகுது. இப்ப ஒண்ணு, ரெண்டாம் வகுப்பு மட்டும். குழாயே வேண்டாம். ஆளுக்கொரு டம்ளர்ல கால்வாசித் தண்ணி, மர நிழல்ல வட்டமாக் குந்த வெச்சு, துப்பறதுக்கு வேலியோரம் ஒரு சின்னக் கால்வாய். பிரஷ்ஷு ஒண்ணோட ஒண்ணு உரசக்கூடாது. அதுக்கு ஒரு பலகையில ஓட்டை போட்டுத் தலை மேல இருக்கிற மாதிரி தனித்தனியா சொருகி, ஓட்டைக்குக் கீழ பேருக்குப் பதிலா படம்: மயில், மாம்பழம், பேருந்து. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தன் மாம்பழம் எதுன்னு தெரியும். எந்த வகுப்புக்கும் நான் இன்னும் பல்லைப் பத்திச் சொற்பொழிவு ஆத்தலை.

ஒரு எச்சரிக்கை. வாரம் அஞ்சு நாள் பள்ளியில காலையில விளக்கிட்டா "அதான் ஸ்கூல்ல விளக்கறானே"ன்னு வீட்டுல விட்டுடறாங்க. ராத்திரி விளக்கறதுதான் முக்கியம், தூக்கத்துல எச்சில் சுரப்பு குறைஞ்சிடும், வாய்ல ஒட்டின இனிப்பு அப்படியே ஊறும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல நான் திரும்பத் திரும்பப் பேசற ஒரே பொருள் அந்த ராத்திரி விளக்கல்.

---

காரிமங்கலம் அப்பா

நம்ம ஊர்த் தண்ணியிலேயே ஃப்ளோரைடு அதிகம்ங்கும்போது பள்ளியில ஃப்ளோரைடு பேஸ்ட்டுக் கொடுக்கறது சரியா? எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தற மாதிரி இல்லையா? டாக்டர் பதில் சொல்லணும்.

---

ஓசூர் பல் மருத்துவர்

நல்ல கேள்வி சார், இந்தக் கேள்வி வரணும்.

பேஸ்ட்டுல இருக்கிற ஃப்ளோரைடு பல்லு மேல வேலை செஞ்சு சொத்தையைத் தடுக்குது. கெடுதல் அதை விழுங்கினாத்தான், அதுவும் பல்லு உருவாகிற வயசுல. துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைதான் விழுங்கும். அதனால தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு உறுதியான ஊர்ல ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு எந்த பேஸ்ட், எவ்வளவுங்கிறதை அந்த ஊர்த் தண்ணிப் பரிசோதனை முடிவை வெச்சுப் பல் மருத்துவர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. பள்ளியில தொடங்கறதுக்கு முன்னாடியும் அதையே செய்யணும், தலைமை ஆசிரியர் ஐயா கவனிக்கவும். காவிரித் தண்ணி ஒழுங்கா வர்ற ஊருக்கு ஒரு பதில், போர் மட்டுமே உள்ள குக்கிராமத்துக்கு இன்னொரு பதில். மாவட்டம் முழுசுக்கும் ஒரே வாக்கியத்துல "ஃப்ளோரைடு பேஸ்ட்டே வேண்டாம்"னு பரப்பிட்டீங்கன்னா, கறை இல்லாத ஊர்ப் பிள்ளைங்களுக்கு இருக்கிற ஒரு பாதுகாப்பும் போயிடும்.

---

பர்கூர் அறிவியல் ஆசிரியர்

அந்தத் தண்ணிப் பரிசோதனை விஷயத்துக்கு வர்றேன். என் அனுபவத்துல இதைவிட நல்லாப் பேசற சாதனம் எதுவும் இல்லை.

கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்துல ஊராட்சிகளுக்குக் கொடுக்கிற களப் பரிசோதனைப் பெட்டியில ஃப்ளோரைடு சோதனையும் இருக்கு. குழாயில தண்ணியை எடுத்து வினைபொருளை விட்டா நிறம் மாறும். ஃப்ளோரைடு குறைவா இருந்தா சிவப்புப் பக்கமே நிக்கும், கூடக் கூட மஞ்சளை நோக்கிப் போகும். அட்டையில இருக்கிற நிறத்தோட பொருத்திப் பார்க்கணும். ஒரு கண்ணாடிக் குழாய்ல ஒகேனக்கல் தண்ணி, பக்கத்துலயே இன்னொண்ணுல பள்ளிக்கூட போர்த்தண்ணி. பெற்றோர் முன்னாடி பிள்ளைங்க கையாலேயே செய்ய வெச்சேன். ஒண்ணு சிவந்தே நின்னுச்சு, இன்னொண்ணு கண் முன்னாடி மஞ்சளாச்சு. பின்னாடி நின்ன ஒரு அம்மா, "அப்ப எங்க வீட்டு போரையும் பாருங்க சார்"னு அடுத்த நாள் பாட்டில்ல கொண்டாந்துட்டாங்க. பெட்டியில வர்றது உத்தேச அளவுதான். சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கொடுத்துச் சரியான அளவை வாங்கிக்கணும்.

இன்னொரு யோசனை. மார்ச் 20 உலக வாய் சுகாதார நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்னைக்குத் தமிழ்நாட்டுல கிராம சபை கூடும். நடுவுல ஒரே ஒரு நாள்தான். நம்ம மாவட்டத்துக்காகவே யாரோ அடுத்தடுத்து வெச்ச மாதிரி இருக்கு. 20-ஆம் தேதி பள்ளியில சோதனை செஞ்சு, எந்தத் தெருக் குழாய் எந்த நிறம்னு பிள்ளைங்க ஊர் வரைபடத்துல வண்ணம் அடிக்கட்டும். 22-ஆம் தேதி அந்த வரைபடத்தைக் கிராம சபையில மாட்டுங்க. "இந்தத் தெருவுக்குக் காவிரித் தண்ணி வரலை"ங்கிறது அப்புறம் ஒரு பாட்டியோட புலம்பலா நிக்காது, தீர்மானமா எழுதலாம். தண்ணியை மாத்தறது தாயோட பொறுப்பு மட்டும் இல்லை. குழாயே வராத தெருவுல போயி "நல்ல தண்ணி கொடும்மா"ன்னு அறிவுரை சொல்றது எனக்குச் சரியாப் படலை.

---

தளி வாசகி

எல்லாரும் தமிழ்லயே யோசிக்கிறீங்க. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வந்து பாருங்க. வீட்டுல தெலுங்கு, பக்கத்து வீட்டுல கன்னடம், பள்ளியில தமிழ். சுவத்துல "வாய்நலம் பேணுவீர்"னு எழுதினா எங்க அத்தைக்கு ஒரு எழுத்தும் புரியாது. தமிழ் படிக்கத் தெரிஞ்ச பாட்டிக்குமே அது தூரத்துச் சத்தம்தான்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவுல இருக்கிற எண் பெரும்பாலும் அப்பாவோடது. அவர் பெங்களூர்ல இருக்கார். பிள்ளைக்கு ஊட்டற பாட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே சேராது. எங்க பள்ளியில டீச்சர் குரல் பதிவு அனுப்பறாங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள, தமிழ்ல ஒண்ணு, தெலுங்குல ஒண்ணு. கடைசியில "இதை வீட்டுல பெரியவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுவாங்க. சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் பேசறப்போ போட்டுக் காட்டறார். ராகி, கீரை, பால் சாப்பிடச் சொல்லி ஒரு பதிவு வந்துச்சு. "ராகி களியைத்தான் நாங்க காலங்காலமாச் சாப்பிடறோம், அது நல்லதுன்னு டீச்சரே சொல்லுது"ன்னு எங்க அத்தைக்குப் பெருமை தாங்கலை. நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற நல்ல பழக்கத்தைப் பாராட்டித் தொடங்கினா அடுத்து வர்றதையும் கேட்கறாங்க.

---

ஊத்தங்கரை மாணவி

நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். எனக்குப் பல்லுல கறை இருக்கு. சின்ன வயசுல இருந்து எந்த குரூப் போட்டோவுலயும் வாயை மூடிக்கிட்டுத்தான் நிப்பேன். சிரிப்பு வந்தா துப்பட்டா மேல வந்துடும். "பல்லு விளக்கறியா இல்லையா?"ன்னு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க. கல்யாணப் பேச்சு வரைக்கும் இது தொடரும்னு எங்க ஊர் அக்காங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆறாம் வகுப்புல ஒரு டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இது உன் தப்பு இல்லம்மா, இந்த மண்ணோட தண்ணி அப்படி. உன் பல்லு அழுக்கு இல்ல"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுத்துல சொல்ல முடியலை. நீங்க என்ன படம் வேணா காட்டுங்க, என்ன திட்டம் வேணா போடுங்க, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒண்ணாம் வகுப்புலயே எல்லாப் பிள்ளைங்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிடுங்க. கறை உள்ளவங்களைத் தனியாக் கூப்பிட்டும் சொல்லக்கூடாது, அதுவே ஒரு அடையாளமாயிடும். எல்லார் முன்னாடியும் பொதுவாச் சொன்னா, கேலி பண்ற பிள்ளையும் கேட்டுக்கும்.

---

ஓசூர் பல் மருத்துவர்

ரொம்ப நன்றிம்மா. உங்களுக்கும் உங்களைப் போல உள்ளவங்களுக்கும்: கறையின் கடுமையைப் பொறுத்து மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கறது, வெளுப்பாக்கறது, பல் நிறப் பூச்சு வெக்கிறதுன்னு சிகிச்சைகள் இருக்கு. அரசு மருத்துவமனைப் பல் பிரிவுலயே முதல்ல காட்டலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு அவசரப்பட வேண்டாம். செங்கப்பொடி, சாம்பல், உப்புக்கல்லுன்னு தேய்க்கவே வேண்டாம், கறை உள்ளே இருக்கு, தேயறது பல்லும் ஈறும்தான்.

---

காரிமங்கலம் அப்பா

ஊத்தங்கரைப் பொண்ணு எழுதினதைப் படிச்சேன். படத்தைக் காட்டிப் பயமுறுத்தற யோசனையை நான் விட்டுட்டேன். எங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் உறுப்பினர். இதைக் கொண்டுபோறேன். ஆனா எல்லாத்தையும் ஒரே கூட்டத்துல கொட்டினா யாருக்கும் எதுவும் நிக்காது. எதை முதல்ல சொல்றது?

---

நல்லம்பள்ளி டீச்சர்

சார், எந்த வயசுக்கு எதுன்னு பிரிச்சா தானா ஒழுங்காகிடும். கைக்குழந்தை வீட்டுக்குத் தண்ணியும் புட்டியும். அங்கன்வாடி வயசுக்கு ராத்திரி விளக்கலும் தின்பண்டமும். தின்பண்டத்துல எவ்வளவு தின்னாங்கிறதைவிட எத்தனை தடவை தின்னாங்கிறதுதான் பல்லைக் கெடுக்குது. பத்து ரூபாய் பிஸ்கட்டை ஒரே நேரத்துல தின்னுட்டு வாய் கொப்பளிச்சா பரவாயில்லை, பாக்கெட்டைப் பையில வெச்சுச் சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொண்ணாக் கொறிக்கிறதுதான் கேடு. இதைப் பாட்டிங்க சட்டுனு புரிஞ்சுக்கறாங்க. "தின்னாதே"ங்கிறதைவிட "சேர்த்துத் தின்னு"ங்கிறது அவங்களுக்கும் சொல்லச் சுலபம்.

ஒண்ணாம் வகுப்புக்கு என் கையில ஒரே ஒரு சேதி: ஆறு வயசுல ஆறாவது பல்லு. நடு முன்பல்லுல இருந்து ஒரு பக்கமா எண்ணிக்கிட்டே போனா அஞ்சு பால் பல்லு. அதுக்குப் பின்னாடி ஆறாவதா ஒரு பெரிய கடைவாய்ப் பல்லு, எந்தப் பல்லும் விழாம, சத்தமில்லாம முளைக்கும். அது பால் பல்லு இல்லை, சாகற வரைக்கும் வேணும். "இதுவும் விழுந்து முளைக்கும்"னு வீட்டுல நினைக்கறதாலதான் முதல்ல சொத்தையாகறது அதுவே. வகுப்புல பிள்ளைங்க கையைக் கழுவிட்டு ஆள்காட்டி விரலை விட்டுத் தடவி எண்ணும். "எனக்கு வந்துருச்சு மிஸ்!"னு கத்தற பிள்ளைக்கு ஒரு சின்னச் சீட்டுக் கொடுத்து அனுப்பறேன்: "இன்று எனக்கு ஆறாவது பல் தெரிந்தது. இது விழாது." அதை அம்மாகிட்ட காட்டாத பிள்ளையே இல்லை.

அதே வயசுலதான் முன்பல்லும் விழுது. சாணியில உருட்டிக் கூரை மேல வீசற அன்னைக்கு வீடே அந்தப் பிள்ளை வாயைப் பார்க்கும். பல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அதனால பல்லு விழுந்துட்டு வர்ற பிள்ளைகிட்டயும் அந்தச் சீட்டைக் கொடுத்துடறேன்.

பள்ளிக்கு வருஷம் ஒரு தடவை மருத்துவக் குழு வந்து பிள்ளைங்களைப் பரிசோதிக்குது. 2013-ல தொடங்கின ஆர்.பி.எஸ்.கே.ங்கிற தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்துல சொத்தைப் பல்லும் சேர்த்திதான். குழு எழுதித் தர்ற பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள்ளயே கிடந்து கசங்கிப்போகுது. அன்னைக்கே அந்த வீட்டுக்குப் போன் பண்ணி, எந்த மருத்துவமனை, எந்த நேரம், எந்த பஸ், காசு ஆகுமா ஆகாதான்னு சொல்லிட்டா போறாங்க.

தளி வாசகி சொன்ன மாதிரி ஒரு குரல் பதிவு எழுதியிருக்கேன். திருத்திக் கொடுங்க:

"பாட்டிம்மா, தாத்தா, அம்மா, அப்பா, வணக்கம். பிள்ளையோட டீச்சர் பேசறேன். பிள்ளைங்க பல்லுல இருக்கிற பழுப்புக் கறை பெரும்பாலும் தண்ணியால வந்தது. பிள்ளையைத் திட்டாதீங்க, செங்கப்பொடி போட்டுத் தேய்க்காதீங்க. வீட்டுல கைக்குழந்தை இருந்தா அதுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணியைத் தனியாப் பிடிச்சு வைங்க. சொத்தை வேற விஷயம். அது இனிப்பாலயும், ராத்திரி விளக்காம தூங்கறதாலயும் வருது. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து விளக்கி விடுங்க. விளக்கினதும் தண்ணியைத் தவிர வேற எதுவும் வேணாம். நாளைக்குக் காலையில பிள்ளைகிட்ட நான் கேட்பேன்."

---

பாலக்கோடு அங்கன்வாடி அக்கா

நல்லா இருக்குதுங்க டீச்சர். "ஒகேனக்கல் தண்ணி வராத அன்னைக்கு என்ன பண்றது"ன்னு உடனே கேட்பாங்க. வர்ற அன்னைக்குப் பாப்பாவுக்குன்னு ஒரு குடம் மூடி வெச்சுக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் பத்தாட்டியும் சின்னதுக்குப் பத்தும்.

---

தளி வாசகி

தெலுங்குல நான் பேசி அனுப்பறேன். கன்னடத்துக்கு எங்க பக்கத்து வீட்டு அக்காவைப் பேச வெக்கிறேன், அவங்க குரல் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கடைசி வரி அப்படியே இருக்கட்டும்.

---

ஓசூர் பல் மருத்துவர்

ஒண்ணு மட்டும் சேர்த்துடுங்க டீச்சர். கன்னம் வீங்கினாலோ, பல்வலியோட காய்ச்சல் வந்தாலோ, வலியில பிள்ளை ராத்திரி தூங்காம அழுதாலோ கிராம்பு வெச்சு நாளைக் கடத்தாம அன்னைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வரணும். பால் பல்லா இருந்தாலும்.

---

நல்லம்பள்ளி டீச்சர்

சேர்த்துட்டேன் டாக்டர். அக்கா சொன்ன குடத்தையும் சேர்த்துட்டேன். திங்கக்கிழமை எங்க வகுப்புக் குழுவுல முதல்ல அனுப்பறேன். வேற பள்ளி ஆசிரியர்கள் யாருக்கு வேணுமோ எடுத்து, உங்க குரல்ல, உங்க ஊர்ப் பேச்சுல பேசி அனுப்புங்க.